கொச்சிக்கடைத் திருத்தலம்

கொழும்புத் துறைமுகத்தின் அருகே, கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில் நிற்கிறது புனித அந்தோனியார் திருத்தலம். உற்றார் துணையின்றி நகரை அடைந்த பலர்க்கு அது நெடுங்காலமாகக் கூடுமிடமாயிற்று.

1656ஆம் ஆண்டு கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்தனர். 1658ஆம் ஆண்டுக் கட்டளையோ, குருமாருக்கு அடைக்கலம் அளிப்பதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. கோயிலை இழந்தோர் வீடுகளில் மறைவாகக் கூடினர். அயலவனையும் அஞ்சவேண்டிய காலம் அது. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்னும் குரு வணிகர் வேடத்தில் ஒளிந்திருந்தார் என்றும், கடலரிப்பால் கலங்கிய மீனவருக்காக அவர் கரையில் சிலுவை நாட்டி வேண்டக் கடல் பின்வாங்கிற்று என்றும் மரபு கூறும். அற்புதத்தை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஒளிந்திருந்த ஒருவரும் தத்தளித்த மீனவரும் ஒருவருக்கொருவர் துணையானதாக அக்கதை சொல்வதே கருதத்தக்கது.

1806இல் ஆங்கிலேயர் தடைகளை நீக்கினர். 1828இல் அத்திவாரமிட்ட பெருங்கோயில் 1834இல் நிறைவெய்தியது. துறைமுகம் வளரவே, தமிழகத்திலிருந்தும் மலையாள நாட்டிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தோர் இப்பகுதியில் பெருகினர். அவர்தம் சுற்றமெல்லாம் கடலுக்கப்பால். செவ்வாய்க்கிழமைகளில் கோயிலுக்கு வருவோருள் கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் உளர். மெழுகுவர்த்தி ஏற்ற வருபவரின் சமயத்தை எவரும் வினவுவதில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, பூசை வேளையில் இங்கே குண்டு வெடித்துப் பலர் மாண்டனர். கோயில் மூடப்பட்டது. கடற்படையினர் திருத்தியமைத்தபின், யூன் 12ஆம் நாள், அந்தோனியார் திருநாளுக்கு முந்தின தினம், அதன் கதவுகள் மீண்டும் திறக்கப்பட்டன.