செல்களின் மறுசுழற்சி: தன்னுண்ணலும் உடல்நலமும்

நமது செல்களில் உள்ள புரதங்களும் நுண்ணுறுப்புகளும் நாளடைவில் பழுதடைகின்றன. அவற்றைச் செல்லே சிதைத்து, கிடைக்கும் பொருள்களை மீண்டும் பயன்படுத்திக்கொள்கிறது. ஆட்டோபேஜி எனப்படும் இச்செயல்முறையைத் தமிழில் தன்னுண்ணல் என்பர்.

எவ்வாறு நிகழ்கிறது?

1. பழுதடைந்த பகுதியைச் சுற்றி இரட்டைச் சவ்வு உருவாகி, பை போல் மூடிக்கொள்கிறது.
2. அப்பை, நொதிகள் நிறைந்த லைசோசோமுடன் இணைகிறது.
3. நொதிகள் உள்ளிருப்பவற்றை அமினோ அமிலங்கள் போன்ற எளிய பொருள்களாகச் சிதைக்கின்றன. இவை புதிய புரதங்களை உருவாக்கவும் ஆற்றல் பெறவும் உதவுகின்றன.

லைசோசோமைக் கண்டறிந்த பெல்ஜிய அறிவியலாளர் கிறிஸ்டியன் டி டுவே 1963-இல் இதற்குப் பெயரிட்டார். ஈஸ்ட் செல்களை ஆராய்ந்து இதற்கு இன்றியமையாத மரபணுக்களைக் கண்டறிந்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமி 2016-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

உடல்நலத்தில் இதன் பங்கு

• நரம்புச் செல்கள்: இவை பெரும்பாலும் புதிதாக உருவாவதில்லை, எனவே கழிவகற்றம் இன்றியமையாதது. பார்க்கின்சன் நோயின் சில மரபுவழி வகைகளில், பழுதடைந்த மைட்டோகாண்ட்ரியாக்களை அகற்றும் பணி தடைபடுகிறது.
• நோய் எதிர்ப்பு: செல்லுக்குள் நுழையும் சில கிருமிகளை அழிக்க உதவுகிறது.
• உணவில்லாத வேளை: செல்லின் இருப்பிலிருந்தே ஆற்றல் கிடைக்கச் செய்கிறது.

எனினும், இது மிகுந்தால் நன்மையும் மிகும் எனக் கருதலாகாது. புற்றுநோய் தோன்றாமல் காக்கும் இதே செயல்முறையை, உருவாகிவிட்ட புற்றுநோய்ச் செல்கள் தாம் பிழைத்திருக்கவும் பயன்படுத்திக்கொள்கின்றன.

இதற்காகப் பட்டினி இருக்க வேண்டுமா?

தேவையில்லை. தன்னுண்ணல் எந்நேரமும் அடிப்படை அளவில் நிகழ்கிறது. பட்டினியின்போது இது மிகுவது பெரும்பாலும் ஈஸ்ட், எலி ஆகியவற்றில் நடந்த ஆய்வுகளால் அறியப்பட்டதாகும். மனிதர் இத்தனை மணி நேரம் உண்ணாதிருந்தால் நோய் நீங்கும் என்பதற்கு மருத்துவ வரையறை ஏதுமில்லை. நோபல் பரிசும் அடிப்படைக் கண்டுபிடிப்புக்கே வழங்கப்பட்டது. பட்டினிச் சிகிச்சைக்கு அன்று.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

பின்வருவோர் மருத்துவரின் அறிவுரையின்றி நீண்ட நேரம் உண்ணாதிருத்தல் கூடாது:

• இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை பயன்படுத்துவோர்
• கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள்
• சிறார், வளரிளம் பருவத்தினர்
• எடை குறைந்தோர், காசநோய்ச் சிகிச்சை பெறுவோர், சிறுநீரக நோயுள்ளோர்

நீரிழிவு மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டுப் பட்டினி இருப்பதும் ஆபத்தானது.

இரத்தச் சர்க்கரை தாழ்ந்தால்

வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி, மனக்குழப்பம் ஆகியவை அறிகுறிகள். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் குறைந்தாலோ, அளக்க இயலாத நிலையில் இவ்வறிகுறிகள் தோன்றினாலோ, விரதத்தை உடனே முடித்து, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகவும். 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் அளக்கவும். குறைவாகவே இருந்தால் மறுபடியும் பருகவும். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதுவும் புகட்டாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108 ஆம்புலன்சை அழைக்கவும்.

அன்றாடம் செய்யத்தக்கவை

நாள்தோறும் 30 நிமிட நடை, போதிய உறக்கம், அளவான உணவு, புகையிலை தவிர்த்தல் ஆகியவை பெரும்பாலோர்க்குப் பாதுகாப்பான வழிகள். சமயம் சார்ந்த விரதம் மேற்கொள்ள விரும்பும் நீரிழிவு நோயாளிகள், மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றியமைப்பது குறித்து அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை முன்கூட்டியே அணுகவும்.