நெல் வயலுக்கு வந்த ஸ்ட்ரெப்டோமைசின்

தஞ்சை டெல்டாவின் சம்பா, தாளடிப் பயிரைத் தாக்கும் முக்கிய நோய்களில் ஒன்று பாக்டீரியா இலைக்கருகல். சாந்தோமோனாஸ் ஒரைசே என்ற பாக்டீரியாவால் இது வருகிறது. இலை ஓரத்து நீர்த்துளைகள் வழியாகவும், நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளும்போது ஏற்படும் காயத்தின் வழியாகவும் கிருமி உள்ளே புகும். இலையோரம் அலையலையாக மஞ்சளித்து, பிறகு வைக்கோல் நிறத்தில் காயும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையும், வயலுக்கு வயல் பாயும் பாசன நீரும் நோயைப் பரப்புகின்றன.

1960களில் இந்நோய்க்கு வாய்ப்பு பெருகியது. நாட்டில் முதலில் தீவிர சாகுபடிக்கான 'பேக்கேஜ் திட்டம்' நடைமுறைக்கு வந்த மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.டி.டி. 27, குறுவையில் வேகமாகப் பரவியது. பின்னர் ஐ.ஆர். 8 போன்ற குட்டை ரகங்களும் யூரியாவும் சேர்ந்து விளைச்சலை உயர்த்தின. தழைச்சத்து மிகுந்த பயிரில் இலைக்கருகல் கடுமையாகும். புதிய குட்டை ரகங்கள் சிலவற்றுக்கு அதைத் தாங்கும் திறனும் இல்லை.

இதற்கு மருந்தாக வந்தது ஸ்ட்ரெப்டோமைசின். 1943இல் அமெரிக்காவில் மண்வாழ் நுண்ணுயிரிலிருந்து பிரிக்கப்பட்டு, காசநோயாளிகளைக் காத்த மருந்து அது. புனே அருகே பிம்பிரியிலுள்ள அரசு நிறுவனமான இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், அதனுடன் டெட்ராசைக்ளினைச் சேர்த்து 'ஸ்ட்ரெப்டோசைக்ளின்' என்ற பெயரில் பயிருக்குத் தந்தது. எக்டேருக்கு 300 கிராம் கலவையை 1.25 கிலோ காப்பர் ஆக்சிகுளோரைடுடன் தெளிப்பதும், தேவைப்பட்டால் 15 நாள் கழித்து மீண்டும் தெளிப்பதும் தமிழ்நாட்டு வேளாண் பரிந்துரையாக இருந்தது.

இம்மருந்துக்குப் பாக்டீரியா பணியாத நிலை ஏற்படலாம் என்பதைக் காசநோய் சிகிச்சை முன்பே காட்டியிருந்தது. 1940களின் இறுதியில் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் பெற்ற நோயாளிகள் பலரிடம், மருந்தை எதிர்க்கும் கிருமிகள் தோன்றின. மருந்து, பாக்டீரியாவின் புரத உற்பத்தியைத் தடுக்கிறது. கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டில் மரபணு மாறி, மருந்து பற்றிக்கொள்ளும் இடத்தின் வடிவமே மாறிவிடுகிறது. மற்றவை மடிய, அவை மட்டும் பெருகுகின்றன. இதனால்தான் காசநோய்க்குக் கூட்டு மருந்துகள் வழக்கமாயின.

கிருமிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. மருந்தை உருமாற்றிச் செயலிழக்கச் செய்யும் நொதிகளின் மரபணுக்கள், பிளாஸ்மிட் என்ற வளையங்களில் அமர்ந்து ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குச் செல்கின்றன. இனம் வேறானாலும் அவை கைமாறலாம். ஸ்ட்ரெப்டோமைசினை எதிர்க்கும் ஒரே மரபணு இணை, பயிர், கால்நடை, மனிதர் ஆகிய மூன்றிலிருந்தும் எடுத்த பாக்டீரியாக்களில் கண்டறியப்பட்டுள்ளது. ஒரே வளையம் இரு மருந்துகளுக்கும் எதிர்ப்பைச் சுமக்க முடியும் என்பதால், டெட்ராசைக்ளினைச் சேர்ப்பது உறுதியான காப்பாகாது. தெளித்த மருந்து மண்ணிலும் வாய்க்கால் நீரிலும் கலக்கும்போது, அங்குள்ள பாக்டீரியாக்களும் அதே தேர்வுக்கு ஆளாகின்றன. சீனாவில் நெல் நோய்க் கிருமியிலேயே ஸ்ட்ரெப்டோமைசின் எதிர்ப்பு பதிவாகியுள்ளது.

மனித மருத்துவத்துக்கு இன்றியமையாத மருந்தை வயலில் தெளிப்பது சரியல்ல என்ற கருத்து வலுத்ததால், 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் இவ்விரு மருந்துகளையும் வேளாண்மையில் தடை செய்யும் வரைவு ஆணையை வெளியிட்டது.

மாற்று வழிகள் டெல்டாவில் உள்ளன. தழைச்சத்தைப் பிரித்து இடுவது, நாற்று நுனி கிள்ளாமல் நடுவது, நோயுற்ற வயலின் நீரை அடுத்த வயலுக்கு விடாமல் வடிப்பது ஆகியவை செலவற்றவை. 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலும் பரிந்துரையில் உண்டு. 'ஆந்திரா பொன்னி' என இங்கு அறியப்படும் பி.பி.டி. 5204 ரகத்தில் மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து, 2008இல் மேம்பட்ட சம்பா மசூரி வெளியிடப்பட்டது. அவற்றுள் ஒன்று ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. ஒரு மரபணுவை வெல்லக்கூடிய கிருமிக்கு மூன்றையும் ஒருசேர வெல்வது கடினம். மனிதருக்கான மருந்தையும் இது வீணாக்குவதில்லை.