ஐம்பதொலி அட்டவணையும் தமிழ் நெடுங்கணக்கும்: தொடக்கநிலை ஜப்பானியக் கல்வியின் வரலாற்றுப் பின்புலம்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானிய மொழியைப் பல்கலைக்கழகத்தில் புதிதாகப் பயிலும் தமிழ் மாணவர், முதற்பாடத்திலேயே தமிழ் நெடுங்கணக்கை ஒத்த எழுத்து வரிசையொன்றைக் காண்கின்றனர். இவ்வொற்றுமை மொழிக்குடும்ப உறவுக்குச் சான்றாகாது என்பதையும், பௌத்தத் துறவியர் வழிச் சென்ற வடமொழி ஒலியியலே அதன் அடிப்படை என்பதையும், கற்பித்தலில் அதன் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஜப்பானியம், நெடுங்கணக்கு, சித்தம் எழுத்து, மியோகாக்கு, போதிசேனர், மொழி கற்பித்தல்

முன்னுரை

பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த புதுச்சேரிப் பகுதியில் அயல்மொழிக் கல்வி நெடுங்காலம் பிரெஞ்சை மையமாகக் கொண்டிருந்தது. தவளக்குப்பம் போன்ற ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் பிரெஞ்சு பயிலும்போது காணும் உரோமன் எழுத்து வரிசைக்கு ஒலியியற் காரணம் ஏதுமில்லை. அதனை மனப்பாடமாகவே கொள்ள வேண்டும். அதே மாணவர் ஜப்பானியம் பயிலத் தொடங்கினால் அ, இ, உ, எ, ஒ என உயிர்கள் முதலில் நிற்பதையும், க, ச, த, ந என உயிர்மெய்கள் தொடர்வதையும் காண்பார். அறியாத மொழியில் அறிந்த ஒழுங்கு எவ்வாறு அமைந்தது என்னும் வினா அங்கேயே எழுகிறது.

அட்டவணையின் அமைப்பு

‘கோஜூவோன்’ எனப்படும் ஐம்பதொலி அட்டவணை ஐந்து உயிர்களும் பத்து வரிசைகளும் கொண்டது. சில கட்டங்கள் வெற்றிடமாதலால் இன்று அடிப்படை எழுத்துகள் 46 மட்டுமே வழங்குகின்றன. உயிர் வரிசையை அடுத்து க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ ஆகிய வரிசைகள் வருகின்றன. இவற்றுள் ஹகரம் மட்டுமே தமிழ் மாணவருக்கு இடறுவது. அதன் இடத்தில் பழங்காலத்தில் பகரம் ஒலித்தது என்பது மொழியியலார் முடிபு. அவ்வொலி படிப்படியாக மாறியதற்கு, 1603இல் நாகசாகியில் இயேசு சபையினர் அச்சிட்ட ஜப்பானிய–போர்த்துகீசிய அகராதி சான்றாகிறது. இன்று ‘ஹன’ என ஒலிக்கும் மலரைக் குறிக்கும் சொல் அதில் ‘ஃபன’ எனப் பதிவாகியுள்ளது. ஹகரத்தைப் பகரமாகக் கொண்டால் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ என்னும் வரிசை கிடைக்கிறது. தமிழ் நெடுங்கணக்கிலும் இவ்வெழுத்துகள் இதே முறையில் ஒன்றன்பின் ஒன்றாக வருவது குறிப்பிடத்தக்கது.

வரிசை உருவான வரலாறு

ஜப்பானியத் துறவி கூக்காய் 806இல் சீனத்திலிருந்து திரும்பியபோது, வடமொழி மந்திரங்களை எழுதப் பயன்பட்ட சித்தம் எழுத்து பற்றிய கல்வியையும் உடன் கொணர்ந்தார். 880இல் அன்னென் என்னும் துறவி அத்துறையில் ‘ஷித்தன்ஸோ’ என்னும் பெருநூலை இயற்றினார். எனினும் ஜப்பானிய ஒலிகளை அட்டவணையாக்கும் முயற்சிக்கு இன்று கிடைக்கும் தொன்மையான சான்று 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதில் இன்றைய வரிசை அமையவில்லை. 1093இல் மியோகாக்கு என்னும் துறவி எழுதிய ‘ஹன்ஓன் ஸஹோ’ நூலில் உயிர்கள் அ, இ, உ, எ, ஒ என நிற்கின்றன. மெய்வரிசையோ இன்றையதினின்றும் வேறுபடுகிறது. இன்றைய ஒழுங்கு அதன்பின்னரே படிப்படியாக நிலைபெற்றது. பொதுவழக்கில் ‘இரோஹா’ என்னும் செய்யுள் வரிசை செல்வாக்குப் பெற்றிருந்தது. ஓட்சுகி ஃபுமிஹிகோ 1889–1891இல் வெளியிட்ட ‘கெங்காய்’ அகராதி ஐம்பதொலி வரிசையைப் பின்பற்றியது.

இதே 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திரன் காலத்துப் பௌத்தரான புத்தமித்திரர், வடமொழி இலக்கண மரபைத் தழுவி வீரசோழியம் இயற்றினார். இருவருக்கும் தொடர்பிருந்ததாகக் கொள்ளச் சான்றில்லை. ஆயினும் தாய்மொழியை வடமொழி இலக்கணக் கண்கொண்டு நோக்கும் பௌத்தக் கல்வி மரபு இரு நாடுகளிலும் செயற்பட்டமை புலனாகிறது.

மிகைக் கூற்றுகள்

தென்னிந்தியத் துறவி போதிசேனர் 736இல் ஜப்பான் சென்று, 752இல் நாராவின் தோதாய்ஜி பெருங்கோயிலில் புத்தர் திருவுருவின் கண்திறப்பு விழாவை நடத்தியவர். அவரே இவ்வரிசையை வழங்கினார் என்னும் கூற்று தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. அவர் மறைந்தது 760இல். அட்டவணைச் சான்று அதற்கு ஏறத்தாழ 250 ஆண்டுகள் பிற்பட்டது. இவ்விடைவெளியை நிரப்பும் ஆவணமின்றி அக்கூற்றை ஏற்பதற்கில்லை.

தமிழ்–ஜப்பானிய உறவு பற்றி ஸுஸுமு ஓனோ (1919–2008) முன்வைத்த கருதுகோள் வேறொரு பொருள். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் இணையரும் பொன். கோதண்டராமனும் அவருடன் இணைந்து ஆய்ந்தனர். அக்கருதுகோள் சொற்களையும் ஒலி இணைகளையும் சார்ந்தது. ஒப்பியல் மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. எழுத்து வரிசையின் ஒற்றுமையை அதற்குத் துணைச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. மொழியின் பிறப்பு வேறு. அதன் ஒலிகளை அறிஞர் அடுக்கிய முறை வேறு. வடமொழி வரிசையிலிருந்து வருக்க ஒலிப்பெழுத்துகளையும் மூச்சொலிகளையும் நீக்கினால் எஞ்சுவது தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் பெரிதும் பொருந்துவதே ஒற்றுமைக்குப் போதிய விளக்கமாகும்.

வகுப்பறையில் பயனும் எல்லையும்

குறில் நெடில் வேறுபாடு தமிழருக்கு இயல்பானது. ஆதலால் அத்தை முதலியோரைக் குறிக்கும் ‘ஒபசன்’, பாட்டியைக் குறிக்கும் ‘ஒபாசன்’ ஆகியவற்றை எளிதில் வேறுபடுத்துவர். வினை இறுதியில் நிற்கும் தொடரமைப்பும் துணைபுரிகிறது. ஆனால் தமிழ் எழுத்தில் ஜப்பானியத்தை எழுதிப் படிப்பதில் இடர் உண்டு. பொன்னைக் குறிக்கும் சொல்லும் வெள்ளியைக் குறிக்கும் சொல்லும் தமிழில் ‘கின்’ என ஒரே வடிவம் பெறும். ஜப்பானியத்திலோ முதலாவது வல்லொலி. இரண்டாவது, எழுத்தின்மேல் இரு சிறு கோடுகளிட்டுக் காட்டப்படும் ஒலிப்பொலி. சொல்லிடையில் தனித்து வரும் வல்லினத்தை மெலித்து ஒலிக்கும் தமிழ் வழக்கமும் பிழைக்கு இடந்தரும்.

முடிவுரை

ஐம்பதொலி அட்டவணை தமிழிலிருந்து சென்றதன்று. தமிழ் மாணவருக்கு அயலானதும் அன்று. நெடுங்கணக்கைக் கொண்டு வரிசையை ஒரே வகுப்பில் விளக்கலாம். ஒலிப்பை ஜப்பானிய எழுத்தின் வழியே பயிற்றுவித்தல் வேண்டும். முதற்பாடத்தில் பெருமிதக் கதைக்கு மாற்றாக இவ்வரலாற்றைக் கூறினால், மாணவர் ஒரு மொழியின் எழுத்தோடு சான்றை எடைபோடும் முறையையும் கற்பர்.