ஒரு தோட்டாவும் கொஞ்சம் கொழுப்பும்

1857 என்றதும் நமக்கெல்லாம் பள்ளிப் பாடத்தில் படித்த ஒரு வரிதான் ஞாபகம் வரும். "பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாக்களைக் கடிக்கச் சொன்னதால் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர்." இதைத் தேர்வில் எழுதி இரண்டு மார்க் வாங்கியாச்சு. ஆனால் ஒரு தோட்டாவுக்கு எதற்காகக் கொழுப்பு தடவ வேண்டும்? அதை ஏன் வாயால் கடிக்க வேண்டும்? இந்த இரண்டு கேள்விகளையும் எந்த வாத்தியாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வாருங்கள், அங்கிருந்தே தொடங்குவோம்.

அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் பயன்பட்டது கருமருந்து. வெடியுப்பு ஏறக்குறைய 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. இந்த மருந்து எரிந்தால் முழுவதும் புகையாகிப் போய்விடாது. பாதிக்கும் மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். கொஞ்சம் புகையோடு வெளியேறும், மீதி குழலுக்குள் கரியும் உப்புமாகப் படியும். பத்து இருபது முறை சுட்டால் அடுத்த குண்டு உள்ளே இறங்காது. வறண்ட வெயிலில் இந்தப் படிவு இன்னும் கெட்டியாகிவிடும்.

பழைய 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியில் இது பெரிய பிரச்சினை இல்லை. குழல் 0.75 அங்குலம், குண்டு சுமார் 0.69 அங்குலம். லொடலொடவென்று இறங்கிவிடும். ஆனால் குறி? நூறு கஜத்துக்கு அப்பால் கடவுள் விட்ட வழி!

குழலின் உள்ளே திருகு மரை போலப் பள்ளம் வெட்டினால் குண்டு சுழன்று போகும், குறி தப்பாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அந்தப் பள்ளத்தை குண்டு இறுகப் பிடிக்க வேண்டுமே. இறுகப் பிடித்தால் வாய்வழியாக இடித்து இறக்குவது கஷ்டம். 1800-ல் வந்த பேக்கர் ரைபிளுக்கு ஆரம்பத்தில் சின்ன மரச் சுத்தியலே கொடுத்தார்களாம்!

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் பிரான்ஸ் ராணுவ அதிகாரி மினியே. 1840-களின் இறுதியில் அவர் செய்த குண்டு நீளமானது, அடிப்பக்கம் குழிவானது. குழலை விடச் சற்றுச் சிறியதாக இருப்பதால் சுலபமாக இறங்கும். மருந்து வெடிக்கும்போது அடிப்பக்கம் விரிந்து பள்ளங்களைப் பிடித்துக்கொள்ளும். இதற்கு ஈயம் மென்மையாக இருக்க வேண்டும். வெள்ளீயமோ ஆண்டிமனியோ கலந்தால் கெட்டிப்பட்டுவிடும், விரியாது. சுத்த ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அதை அச்சில் ஊற்றும்போது அச்சு சூடேறாமல் இருந்தால் முதல் சில குண்டுகள் சுருங்கிச் சுருங்கி வரும். அவற்றை மறுபடி உருக்க வேண்டியதுதான். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் குண்டு கோணலாகப் போகும். அதனால்தான் இங்கிலாந்தின் வுல்விச் ஆயுதச்சாலையில் ஈயத்தை ஊற்றாமல், இயந்திரத்தால் அழுத்திக் குண்டு செய்தார்கள்.

இந்த வழியில் பிறந்ததுதான் 1853 மாடல் என்ஃபீல்ட் ரைபிள். குழல் 0.577 அங்குலம், குண்டு 0.568 அங்குலம். இடைவெளி ஒரு அங்குலத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை! இங்கேதான் கொழுப்பு கட்டாயமாகிறது. ஒவ்வொரு குண்டும் இறங்கும்போது குழலைத் துடைத்து, படிந்த கரியை இளக்கி வைக்கும் வேலை அதனுடையது.

தோட்டா என்பது ஒரு காகிதக் குழாய். ஒரு பக்கம் அளந்து வைத்த மருந்து, மறுபக்கம் காகிதம் சுற்றிய குண்டு. குண்டு இருக்கும் பக்கத்தில்தான் கொழுப்பு. ஒரு கையில் துப்பாக்கி இருப்பதால், தோட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழிப்பதே பயிற்சி முறை. மருந்தைக் கொட்டி, தோட்டாவைத் திருப்பி, குண்டைச் செருகி, கம்பியால் இடிக்க வேண்டும்.

சரி, எந்தக் கொழுப்பு? விலங்குக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த கலவை. எந்த விலங்கு என்பதை இந்தியாவில் தயாரித்தவர்கள் கவனிக்கவே இல்லை. இத்தனைக்கும் வங்காளப் படையின் உயரதிகாரி டக்கர், தோட்டாக்கள் சோதனைக்கு வந்த 1853-லேயே எச்சரித்திருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1806-ல் வேலூரில் புதுத் தலைப்பாகையும் அதிலிருந்த தோலும் என்ன செய்தன என்பதும் கும்பினியாருக்கு மறந்துவிட்டது.

1857 ஜனவரியில் கல்கத்தா அருகே டம்டமில் செய்தி கசிந்தது. 27-ஆம் தேதியே அரசு இறங்கி வந்தது. கொழுப்பில்லாத தோட்டா தருகிறோம், நெய்யோ மெழுகோ நீங்களே தடவிக்கொள்ளுங்கள் என்றது. பிறகு கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்றும் மாற்றினார்கள். ஆனால் அதற்குள் சந்தேகம் கொழுப்பிலிருந்து காகிதத்துக்குத் தாவிவிட்டது. இந்தக் காகிதம் ஏன் பளபளக்கிறது என்று கேட்டார்கள் சிப்பாய்கள். ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 குதிரைப் படையினரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை புதிய என்ஃபீல்ட் தோட்டாக்களே அல்ல, பழைய வகை! மே 9-ல் அவர்கள் கால்களில் விலங்கு பூட்டப்பட்டது. மே 10-ல் மீரட் எரிந்தது.

நண்பர்களே, யோசித்துப் பாருங்கள். எண்ணெய்ப் பசை தேவை என்பது இயற்பியல். அது மாட்டுக் கொழுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த இயற்பியலும் சொல்லவில்லை. தேன்மெழுகு 60 டிகிரிக்கு மேல்தான் உருகும். நம் ஊர் வெயிலுக்கு அதுவே பொருத்தம். பின்னாளில் வந்த மார்டினி-ஹென்றி தோட்டாவில் தேன்மெழுகைத்தான் வைத்தார்கள். முதலிலேயே செய்திருக்கலாம்.

அப்படிச் செய்திருந்தால் கலகம் வந்திருக்காதா? அப்படிச் சொல்ல முடியாது. அவத் இணைப்பு, கடல் கடந்து போகும் கட்டாயம், படித்தொகைக் குறைப்பு, நிலவரி என்று மருந்து ஏற்கெனவே நிரம்பியிருந்தது. கொழுப்பு வெறும் பொறிதான். ஆனால் ஒரு அரசு "தவறைத் திருத்திவிட்டோம்" என்று சொன்ன பிறகும் மக்கள் நம்பவில்லை என்றால், சிக்கல் தோட்டாவில் இல்லை. நம்பிக்கை அதற்கு வெகுகாலம் முன்பே தீர்ந்துபோயிருந்தது. குழலில் படிந்த கரியை இளக்க மெழுகு போதும். மனதில் படிந்ததை இளக்க ஓர் உத்தரவு போதவில்லை.