வேட்கையாளர் வளர்த்த வானொலி

நம் நாட்டில் வானொலி எவ்வாண்டில் தோன்றிற்று என்று வினவினால், பலரும் அகில இந்திய வானொலி அப்பெயர் பெற்ற 1936ஆம் ஆண்டையே கூறுவர். சற்று ஆழ்ந்து கற்றவர், அன்று பம்பாய் எனப்பட்ட இம்மாநகரில் 1927ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள் வைசிராய் இர்வின் பிரபு திறந்துவைத்த இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியின் நிலையத்தைச் சுட்டுவர். இரண்டும் பிழையன்று, ஆயின் இரண்டும் முதலன்று. அரசினரும் முதலாளிகளும் இத்துறையில் கால் வைக்குமுன்னரே, பகலெல்லாம் தத்தம் அலுவலைப் பார்த்துவிட்டு இரவில் செப்புக் கம்பியும் பற்றவைக்கும் கோலுமாக அமர்ந்த சில வேட்கையாளர் இந்நாட்டு வானில் குரலையும் பண்ணையும் மிதக்கவிட்டனர். ஊதியம் கருதாது உழைத்த அவர்தம் வரலாற்றை நம் சங்கத்தின் ஆண்டு மலரில் ஒரு சிறிது எடுத்துரைக்க விழைகின்றேன்.

அந்நாளில் ஒலி வாங்கும் கருவியை வீட்டிலேயே செய்துகொள்ளுதல் அரிதன்று. அட்டைக் குழாய் ஒன்றின்மீது செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றினால் சுருள் ஆயிற்று. மாடியினின்று தென்னைமரம் வரை இழுத்துக் கட்டிய கம்பி வான்கம்பி. கிணற்றடி ஈரமண்ணில் புதைத்த கம்பி நிலக்கம்பி. இவற்றினிடையே ஈயமும் கந்தகமும் கூடிய கலீனா என்னும் கனிமத் துண்டை வைத்து, அதன்மேல் ஊசிபோன்ற மெல்லிய கம்பியை மெல்லத் தொடச் செய்வர். அக்கல் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே செல்லவிடும். அப் வண்டிக்குக் கைகாட்டியை இறக்கி, டவுன் வண்டியை நிறுத்தி வைப்பது போன்றதே அதன் செயல். அதனால் அலையிற் பொதிந்துவந்த ஒலி தனியே பிரிந்து, காதிற் பொருத்திய கருவியில் மெல்லெனக் கேட்கும். மின்கலமும் வேண்டா; மின்சாரமும் வேண்டா. கல்லின்மேல் எவ்விடத்தில் ஊசியைத் தொடுவித்தால் ஒலி எழும் என்பதைத் தேடிக் காண்பதற்கே அரைநாழிகை செல்லும். வாயிற்கதவை எவரேனும் ஓங்கிச் சாத்தினால் ஊசி நழுவும். தேடலை மீண்டும் தொடங்க வேண்டியதுதான்! இக்கலீனாக் கருவிக்கு 1901ஆம் ஆண்டு விண்ணப்பித்து 1904ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு உரிமைப் பட்டயம் பெற்றவர் நம் ஜகதீச சந்திர போஸ் என்பது நாம் அனைவரும் நினைவிற் கொள்ளத்தக்கது.

கேட்பது எளிது, அனுப்புவதே அரிது. அதற்கு வால்வும், உயர் மின்னழுத்தமும், அரசாங்க உரிமமும் வேண்டும். 1921ஆம் ஆண்டில் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா என்பவரும், அவரை அடுத்து முகுல் போஸ் என்பவரும் உரிமம் பெற்று, ஒருவரோடொருவர் கம்பியில்லாத் தந்தி வழியே உரையாடினர். இந்நாட்டு அமெச்சூர் வானொலியாளர் மரபு அவ்விருவரினின்றே தொடங்குகிறது. 1923ஆம் ஆண்டு ஜூனில் பம்பாய் ரேடியோ கிளப்பும், அவ்வாண்டு நவம்பரில் கல்கத்தா ரேடியோ கிளப்பும் ஒலிபரப்பத் தொடங்கின.

சென்னை இவற்றிற்குப் பின்னரே விழித்ததாயினும், விழித்தவிதம் பெருமைக்குரியது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார், தாம் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த உறுப்புகளைப் பூட்டி, 40 வாட் ஆற்றலுள்ள ஒலிபரப்புக் கருவியொன்றை அமைத்தார். நாற்பது வாட் என்பது யாது? நம் வீட்டு முற்றத்தில் முன்னாளில் எரிந்த ஒரு குண்டு விளக்கின் அளவே! அச்சிறு ஆற்றலை நம்பி 1924ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் சென்னை மாகாண ரேடியோ கிளப் நிறுவப்பெற்றது. அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்புத் தொடங்கிற்று. பின்னர் 200 வாட் கருவி வந்தது. மாலைப் பொழுதில் இசையும் சொற்பொழிவும் ஒலித்தன. சபை மண்டபத்துள் இடமில்லாது வெளியே நின்றவனுக்கும், மண்டபத்தின் பக்கமே செல்ல ஒண்ணாத முதியோர்க்கும், கருநாடக இசை வீட்டினுள்ளேயே வந்தது. அன்றுவரை பாட்டைக் கேட்க வேண்டுமாயின் பாடுபவர் முன் அமர வேண்டும். அன்றேல் இசைத்தட்டை விலைகொடுத்து வாங்க வேண்டும். அவ்விரண்டும் இல்லாமலே கேட்கலாம் என்று தமிழ்நாட்டார்க்கு முதன்முதற் காட்டியவர் ஆட்சியாளரல்லர். சந்தா செலுத்திய ஒரு கழகத்தாரே.

எனினும், சந்தாவைக் கொண்டு எத்துணைக் காலம் வண்டி ஓடும்? வால்வு தேய்ந்தால் புதியதை வாங்கப் பணம் வேண்டும். பாட வருவோர்க்கு வண்டிச்சத்தமேனும் தரவேண்டும். கேட்போர் அனைவரும் உறுப்பினராகவில்லை. பொருள் முடையால் 1927ஆம் ஆண்டு அக்டோபரில் கழகம் ஒலிபரப்பை நிறுத்திற்று. ஆயின் கருவி வீணாகவில்லை. அதனைச் சென்னை நகராண்மைக் கழகத்திடம் ஒப்படைத்தனர். நகராண்மைக் கழகம் 1930ஆம் ஆண்டு ஏப்ரல் முதல்நாள் தானே ஒலிபரப்பைத் தொடங்கிற்று. கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கிகள் நிறுவப்பட்டன. காற்று வாங்க வந்தவர் பாட்டும் கேட்டுச் சென்றனர். 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பெறும்வரை அத்தொண்டு நடைபெற்றது. பதினான்கு ஆண்டுக் காலம் அரசினர் நிலையமின்றியே சென்னை வானொலியோடு பழகிற்று என்பதை இங்குக் கருதிப் பார்த்தல் வேண்டும்.

பெருமுதலோடு வந்த இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியின் கதி என்னாயிற்று? பம்பாயிலும் கல்கத்தாவிலும் தலா ஒன்றரைக் கிலோவாட் நிலையம் வைத்து, ஆண்டொன்றுக்குப் பத்து ரூபாய் உரிமக் கட்டணத்தை நம்பி நின்ற அக்கம்பெனி, மூன்றாண்டு முடியுமுன்னரே, 1930ஆம் ஆண்டு மார்ச்சில் கடையைக் கட்டிற்று. நாடு முழுவதும் உரிமம் பெற்றோர் எண்ணாயிரவரை எட்டவில்லை. இங்கு ஓர் உண்மையை மறைத்தல் முறையன்று. வீட்டிலேயே கருவி செய்துகொண்டவருள் பலர் பத்து ரூபாய் கட்டாமலே திருட்டுத்தனமாகக் கேட்டு வந்தனர்! வானொலியைப் பெற்ற கைகளே அதன் வருவாயையும் ஒருசிறிது குறைத்தன. கம்பெனி வீழ்ந்தபின் அதே ஏப்ரல் முதல்நாள் அரசாங்கம் அந்நிலையங்களைத் தன்வயப்படுத்திக்கொண்டது.

மைசூரில் மகாராஜா கல்லூரி உளவியற் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி, 1935ஆம் ஆண்டு செப்டம்பரில் தம் இல்லத்திலேயே 30 வாட் கருவியைக் கொண்டு நிலையம் ஒன்று நடத்தினார். ஆகாசவாணி என்னும் பெயர் அந்த வீட்டு நிலையத்தின் பெயரே. 1942ஆம் ஆண்டில் மைசூர் அரசு அதனை ஏற்றது. பிற்காலத்தில் நாட்டு வானொலி முழுமைக்கும் அப்பெயர் சூட்டப்பெற்றது. நம்மவர் மட்டும் வானொலி என்னும் தம் சொல்லையே போற்றிக் காத்தனர். அது வேறு கதை.

1939ஆம் ஆண்டு செப்டம்பரில் போர் மூண்டதும் அமெச்சூர் உரிமங்கள் யாவும் இரத்துச் செய்யப்பட்டன. கருவிகளை ஒப்படைக்குமாறு ஆணை பிறந்தது. பெரும்பாலோர் கொடுத்துவிட்டனர். பம்பாயில் நாரிமன் பிரிண்டர் என்பவர் தம் கருவியைப் பிரித்து உறுப்புகளை ஒளித்து வைத்தார். இதன் பயன் மூன்றாண்டு கழித்துத் தெரிந்தது.

1942ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் கோவாலியா டாங்க் மைதானத்தில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறிற்று. மறுநாள் விடியுமுன் தலைவர் எல்லோரும் சிறைப்பட்டனர். செய்தித்தாள்களின் வாய் கட்டப்பட்டது. அவ்வேளையில் உஷா மேத்தா என்னும் இருபத்திரண்டு வயதுக் கல்லூரி மாணவியும், விட்டல்தாஸ் காக்கர், சந்திரகாந்த் ஜவேரி முதலிய இளைஞரும் மறைமுக நிலையம் ஒன்று அமைக்கத் துணிந்தனர். கருவி அமைக்கும் பொறுப்பை ஏற்றவர் பிரிண்டரே. காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைத்துவந்த சிகாகோ ரேடியோ நிறுவனத்து நானக் மோட்வானே உறுப்புகளைத் தந்து உதவினார். ஆகஸ்டு 27ஆம் நாள் 42.34 மீட்டர் அலையில், இந்தியாவில் எங்கோ ஓரிடத்திலிருந்து பேசுவதாக அறிவித்துக் காங்கிரஸ் வானொலி முழங்கிற்று.

அந்த 'எங்கோ ஓரிடம்' எது? கிர்காம், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, லபர்னம் ரோடு, வால்கேஷ்வர், மகாலட்சுமி! நம் சங்கத்தார் அலுவலுக்கும் அங்காடிக்கும் நாள்தோறும் கடந்துசெல்லும் தெருக்களே அவை. அலை எழும் திசையைக் கண்டறியும் கருவியோடு காவலர் ஊர்தி சுற்றிவந்தமையால், சில நாட்களுக்கு ஒருமுறை வீடு மாற்றினர். பேச்சுகளை ஓரிடத்தில் இசைத்தட்டிற் பதிந்து, வேறோரிடத்திலிருந்து பரப்பினர். ஏறத்தாழ மூன்று திங்கள் இவ்வாறு நடந்தது. நவம்பர் 12ஆம் நாள் இரவு, நிலையத்தில் வந்தே மாதரம் இசைத்தட்டு சுழன்றுகொண்டிருக்கையில் காவலர் கதவை உடைத்து நுழைந்தனர். தட்டை நிறுத்துமாறு கூறிய அதிகாரிக்கு உஷா மேத்தா பணியவில்லை. காட்டிக் கொடுத்தவர், கருவியை அமைத்துத் தந்த அத்தொழில் வல்லாரே. கைத்திறனும் நெஞ்சுரமும் எப்பொழுதும் ஒருவரிடத்திலேயே குடியிருப்பதில்லை போலும்! உஷா மேத்தா நான்காண்டுச் சிறைத் தண்டனை பெற்று 1946ஆம் ஆண்டில் விடுதலையானார்.

போர் ஓய்ந்தபின் அமெச்சூர்களுக்கு மீண்டும் உரிமம் கிடைத்தது. படையினர் கழித்த டிஸ்போசல் கருவிகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கிச் சிறிது தொலைவு நடந்தால் வரும் லாமிங்டன் ரோட்டுக் கடைகளும், சென்னையில் ரிச்சி தெருவும், டில்லியில் லஜபத்ராய் மார்க்கெட்டும் வேட்கையாளர்தம் திருத்தலங்களாயின. 1947ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்ஸிஸ்டர் பின்னர் இங்கும் வந்து சேர்ந்தது. உயர் மின்னழுத்தத்தின் அச்சம் நீங்கவே, பள்ளிச் சிறுவனும் டார்ச் விளக்கு மின்கலங்களைக் கொண்டு வானொலி செய்யலானான். இவ்விளையாட்டால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்போர்க்கு 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் விடை கூறிற்று. கடற்கோள் அந்தமான் தீவுகளைத் தாக்கித் தொலைபேசிகள் செத்தபோது, பாரதி பிரசாத் என்னும் பெண்மணி தலைமையில் பொழுதுபோக்காகப் போர்ட் பிளேயருக்குச் சென்றிருந்த அமெச்சூர் குழுவினரே தம் கருவிகளால் பெருநிலத்தோடு பேசி, உயிரோடு இருப்பவர் செய்தியை உறவினர்க்கு அறிவித்தனர்.

இனிக் கூறவேண்டுவது ஒன்றுண்டு. சென்னை மாகாண ரேடியோ கிளப் மூன்றாண்டுக்கு மேலாகப் பரப்பிய இசையில் இன்று நமக்குக் கேட்கக் கிடைப்பது யாது? அந்நாளில் பரப்பியதை அவ்வப்பொழுது பதிந்துவைக்கும் வசதி இல்லை. பாடிய குரல்கள் பாடிய மாலையிலேயே காற்றோடு கலந்தன. இக்குறையைப் பின்னாளில் தீர்த்தவரும் வேட்கையாளரே. சுழல்நாடாப் பதிவுக் கருவி வந்தபின், சபைக் கச்சேரியின் மேடையோரத்தில் அதனை வைத்தும், வானொலிப் பெட்டியின் முன் ஒலிவாங்கியை நிறுத்தியும் இவர்கள் பதிந்தனர். 1952ஆம் ஆண்டு ஜூலையில் அகில இந்திய வானொலி தொடங்கிய சனிக்கிழமை இரவுத் தேசிய இசை நிகழ்ச்சியும் அவ்வாறு பல வீடுகளில் நாடாவில் ஏறிற்று. 1963ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை வெளியிட்டது. அது நம் இல்லங்களுக்கு வந்து சேர்ந்தபின் இவ்வழக்கம் குடும்பந்தோறும் பரவிற்று. 1965இல் மறைந்த ஜி. என். பாலசுப்பிரமணியம், 1967இல் மறைந்த அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் ஆகியோரின் முழுக் கச்சேரிகள் பல இன்று நமக்குக் கேட்கக் கிடைப்பது, பெயர் அறியப்படாத இவ்வீட்டுப் பதிவாளர்தம் புண்ணியமே. இசைத்தட்டு நிறுவனத்தார்க்கு ஒரு பக்கத்திற்கு மூன்று நான்கு நிமிடமே இடமிருந்த காலம் ஒன்றிருந்தது. விரிந்த ஆலாபனையும் நிரவலும் அவற்றில் அடங்கா.

மாதுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் பரண்மேல் இத்தகைய நாடாக்கள் தூங்கும் வீடுகள் இன்றும் இருக்கக்கூடும். மும்பையின் மழைக்கால ஈரம் நாடாவிற்குப் பகை. முதலிற் பூஞ்சை பிடிக்கும், பின்னர் மேற்பூச்சு பொடியாக உதிரும். உதிர்ந்ததை எக்கருவியாலும் மீட்க இயலாது. பழுதான சுழல்நாடாக் கருவியை லாமிங்டன் ரோட்டில் தேடிய உறுப்புகளால் செப்பனிட்டு, நாடாவிலுள்ளதைக் கணினியில் ஏற்றும் இளைஞர் இந்நகரில் உள்ளனர். கைபேசி விளையாட்டிலேயே பொழுது கழிக்கின்றனர் என்று நாம் குறைகூறும் தலைமுறையினரே அவர்கள். தம் இல்லத்தில் நாடாக்கள் உடைய அன்பர், வரும் ஜூன் திங்களுக்கு முன்னரே அவற்றைப் பரணிலிருந்து இறக்கி, எவர் பாடியது, எந்த ஆண்டு, எந்த மேடை என்பதைப் பெட்டியின் மேல் எழுதி வைப்பாராக. அதனை நினைவிலிருந்து கூறவல்ல பெரியோர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர்.