பள்ளக்காட்டு யானைகளும் நம் வீட்டுக் குப்பைப் பையும்



உக்கும் குப்பையை வேறாகவும் உக்காததை வேறாகவும் வையுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னால், "இது என்ன புதுச் சட்டம்?" என்று கேட்கிறோம். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் நம் அம்பாறைக் கரையோரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நம் உம்மம்மாமார் காலத்து வளவுக்குக் குப்பை வண்டி தேவைப்படவில்லை. எஞ்சிய சோறு கோழிக்கு, மீன் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு, கூட்டிய சருகு தென்னையடிக் கிடங்குக்கு. பொச்சு மட்டையைக்கூட மணலில் புதைத்து வேருக்கு ஈரம் பிடித்து வைத்தார்கள். யாரும் எதையும் பிரிக்கவில்லை. பிரிக்க ஒன்றுமில்லை, எல்லாமே உக்கியது. இந்தியாவின் இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி செய்ததும் இதை ஒழுங்குபடுத்தியதுதான். செடிகொடிக் கழிவையும் சாணத்தையும் படைபடையாக அடுக்கி, இடையிடையே புரட்டிப் போட்டால் ஏறத்தாழ மூன்று மாதத்தில் பசளை. அவருடைய குவியலில் சொப்பிங் பேக் இருந்திருக்காது.

நம்மிடம் இரண்டு விஷயங்கள் மாறின. ஒன்று, 1977 திறந்த பொருளாதாரத்துக்குப் பிறகு கடைத்தெருவை நிறைத்த பொலித்தீன். வாழையிலையின் இடத்துக்கு லஞ்ச் சீட் வந்தது. 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனை 2007இல் தடை செய்தார்கள், லஞ்ச் சீட்டை 2017 செப்டெம்பரில் தடை செய்தார்கள். தடைகள் எப்படி நடைமுறையாகின என்பதை நம் சாப்பாட்டுக் கடைகளில் போய்ப் பாருங்கள்.

மற்றது நிலம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் வழக்கப்படி தாயின் வளவு பெண்பிள்ளைகளுக்குச் சீதன வீடாகப் பிரிகிறது. ஒரு வளவு மூன்றாகும், அடுத்த தலைமுறையில் ஆறாகும். சுவரோடு சுவர் வந்தபின் கிடங்கு தோண்ட எங்கே இடம்? 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக் கூடாது என்றார்கள். பின்னர் அது தளர்ந்தாலும், எத்தனையோ குடும்பங்கள் உள்ளே நகர்ந்து நெருக்கம் இன்னும் கூடியது. வளவுக்குள் முடிந்துகொண்டிருந்த குப்பை இப்படித்தான் பைக்குள் கட்டுண்டு வாசலுக்கு வந்தது. அதைப் பெண்களின் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் காணி உறுதிகளைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கட்டும்.

2008இல் மத்திய சுற்றாடல் அதிகார சபை 'பிலிசரு' திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட சேதனப் பசளை நிலையங்கள் எழுந்தன. நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது என்பதால் கணக்கு சரிதான். ஆனால் பிரிக்காமல் வந்த குப்பையிலிருந்து கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் கலந்த பசளைதான் கிடைக்கும். அதை எந்த விவசாயி வாங்குவார்?

அதே 2008இல்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு பள்ளக்காட்டுக் கழிவு நிலையமும் வந்தது. சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே போனது. போனதே தவிர மீள்சுழற்சி ஆகவில்லை. 2014இல் மின்னல் தாக்கி யானை வேலி பழுதானது. அதைத் திருத்தவில்லை. அதன் பிறகு எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே பிளாஸ்டிக்கைத் தின்று இறந்ததாக 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் எழுதின. இறந்தவற்றை அறுத்துப் பார்த்த மிருக வைத்தியர்கள் பொலித்தீனையும் உணவு சுற்றிய தாள்களையும் தண்ணீரையும்தான் கண்டார்கள். யானையின் வழக்கமான தீனி வயிற்றில் இல்லை.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், யானைக்குப் பொலித்தீன் எண்டு தெரியாதா?" தெரியாது மகன். அதற்குத் தெரிவது மணம் மட்டும்தான். சோறும் கறியும் ஊறிய பையை அது சோறாகவே நினைக்கிறது. வெறும் பைக்கு அந்த மணம் இல்லை. பிரித்தல் என்ற வேலையின் முழு விஷயமும் இந்தப் பதிலுக்குள் இருக்கிறது.

கொழும்பில் மீதொட்டமுல்லை குப்பை மலை 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில் சரிந்து 30க்கு மேற்பட்டோரைப் புதைத்ததை எல்லோரும் அறிவோம். அதன் தொடர்ச்சியாகத் தலைநகரின் குப்பை புத்தளம் அறுவைக்காட்டுக்குப் போக, அங்குள்ள நம் சகோதரர்கள் மாதக்கணக்கில் வீதியில் நின்றார்கள். அந்த நியாயத்தைப் பேசிய நாம், பள்ளக்காட்டுக்கு நாம் அனுப்பியதைப் பேசவில்லை.

2021இல் இரசாயனப் பசளையை ஒரே இரவில் நிறுத்தியபோது சேதனப் பசளைக்கு அலைந்த வயல்காரர்கள் நம்மில் எத்தனை பேர்! நவம்பரில் தடை நீங்கியது. ஆனால் 'சேதனப் பசளை' என்ற பெயரே கெட்டுவிட்டது. குற்றம் பசளையிலா, அவசரத்திலா? என் பார்வையில் அவசரத்தில்தான். நல்ல எரு ஆண்டுக்கணக்கில் மண்ணைக் கட்டும், ஒரு போகத்தில் யூரியாவின் இடத்தைப் பிடிக்காது.

நோன்பு மாதத்தில் கஞ்சியும் வத்தகப்பழத் தோலும் இளநீர்க் கோம்பையும் குவியும். பச்சை வாளி இவற்றுக்குத்தான். கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு. குர்பான் கழிவைப் பச்சை வாளியில் போட வேண்டாம், அதை ஆழமாகப் புதைக்க வேண்டும்.

2008க்கு முன் நம் ஊர்க் குப்பை எங்கே போனது, எந்தப் பள்ளத்தை நிரப்பியது என்று தெரிந்த மூத்தவர்கள் கீழே எழுதுங்கள். பிள்ளைகளைக் கொண்டு ஒரு வரைபடம் தயாரிக்கிறோம்.