பெயரைக் கடைசியில் பார்: யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல்களும் வம்சாவளி ஆய்வும்

யாழ்ப்பாணக் குடும்பமொன்றின் வம்சாவளியைத் தேடுவோர் பெரும்பாலும் பெயரைப் பிடித்துக்கொண்டே புறப்படுகிறார்கள். மரண அறிவித்தல், நினைவு மலர், கல்லறை எழுத்து ஆகிய மூன்றிலும் எளிதில் ஏமாற்றுவது பெயர்தான் என்பது என் வாதம். ஆளை நிறுத்திக் காட்டுபவை உறவுமுறையும் ஊரும்.

தமிழ்ப் பதிப்பாசிரியர் சி. வை. தாமோதரம்பிள்ளையை (1832–1901) எடுத்துக்கொள்வோம். தமிழில் அந்த முன்னெழுத்துகள் சிறுப்பிட்டி, வைரவநாதர் என ஊராகவும் தந்தை பெயராகவும் விரிகின்றன. மிஷன் வழியில் அவருக்கு இருந்த பெயரோ சார்ள்ஸ் வின்ஸ்லோ கிங்ஸ்பரி. ஆங்கிலத்தில் எழுதினால் முதலெழுத்துகள் இரண்டு விரிவுக்கும் இடம் கொடுத்துவிடுகின்றன. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிகளின் பள்ளிகளில் மாணவர்களுக்கு அமெரிக்க நன்கொடையாளர் பெயர்களைச் சூட்டும் வழக்கம் இருந்தது. எனவே ஒரே அந்நியப் பெயருடைய இருவரை உறவினராக்குவது தவறு. தாமோதரம்பிள்ளை சைவராகவே அறியப்பட்டார். அவர் மகன் அழகசுந்தரமோ கிறிஸ்தவராகி பிரான்சிஸ் கிங்ஸ்பரி ஆனார். சேமக்காலையை, அதாவது கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தை, மட்டும் தேடுபவருக்கு இத்தகைய குடும்பத்தின் ஒரு கிளைதான் அகப்படும். தகனம் செய்யப்பட்ட சைவர்களுக்குப் பொதுவாகக் கல்லறை இல்லை.

அந்த இடத்தை நிரப்புவது அறிவித்தல். ‘இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட’ என்ற வழக்கமான தொடக்கத்தை வெறும் சம்பிரதாயமாகத் தள்ளிவிடக் கூடாது. 1707இல் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை, பெண்ணுக்குச் சீதனமாகக் காணியும் வீடும் போகும் மரபைப் பதிவுசெய்திருக்கிறது. ஆகவே மணமான ஆண் மனைவியின் ஊருக்குக் குடிபோவது சாதாரணம். இரண்டு ஊர்களும் வேறுபட்டால், இரண்டாவதில் மனைவி வழியைத் தேடுவது பலன் தரும்.

அடுத்து வருவது உறவு வரிசை. ‘பாசமிகு மைத்துனர்’ என்ற ஒரே சொல்லுக்குள் மனைவியின் சகோதரனும் வருவார், சகோதரியின் கணவரும் வருவார். மாமன் மகளை மணந்திருந்தால் ஒரே ஆள் தாய்மாமனும் மாமனாருமாவார். அறிவித்தல் ஒரு முறையை மட்டும் சொல்லி மற்றதை விழுங்கிவிடும். அதனால் ஒரு மரணத்துக்கான அறிவித்தலைத் தனியே வாசிப்பதில் பயனில்லை. சகோதரர்களின் அறிவித்தல்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் முடிச்சு அவிழும். யாரையாவது வேண்டுமென்றே விட்டிருந்தாலும் அப்போது அது தெரிந்துவிடும். அறிவித்தலை எழுதுபவர்கள் உயிரோடிருப்பவர்கள். அவர்களுக்குக் கோபதாபங்கள் உண்டு.

முப்பத்தோராம் நாள் வெளியிடப்படும் நினைவு மலரை, அதாவது ஊரார் ‘கல்வெட்டு’ என்று சொல்வதை, நான் இன்னும் மேலாக மதிப்பேன். அதில் வரும் திதி வெண்பா, இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி எனக் கணக்குச் சொல்லும். ஆனால் ஆண்டுப் பெயர் அறுபதாண்டுக்கொரு முறை திரும்பும்: சார்வரி 1900இலும் பிறந்தது, 1960இலும் பிறந்தது. பேரனுக்குப் பாட்டன் பெயரை வைக்கும் குடும்பங்களில் இது உண்மையான ஆபத்து. மாதமும் திதியும் இங்கே கைகொடுக்கா. உறவு வரிசையில் எவர் பெயருக்கு முன் ‘காலஞ்சென்ற’ என்று இருக்கிறது, எவருக்கு இல்லை என்று பிரித்து, அவர்களுடைய மரணத் தேதிகளோடு ஒப்பிட்டால் பாட்டன் யார், பேரன் யார் என்று பெரும்பாலும் தீர்ந்துவிடும்.